வீட்டு வேலிக்குக் களாச்செடி ஏற்றதா?

மண்வாசம்:
உயிர்வேலி அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த டுராண்டாவையே நடுகிறார்கள். அதற்குப் பதிலாக, நம் வறண்ட புதர்க்காடுகளில் தானாகவே வளரும் களாவை நட வேண்டும் என்பது என் கருத்து. நன்கு வேரூன்றிய பிறகு வறட்சியைத் தாங்கும். மணமுள்ள வெண்பூக்கள் கொத்தாகப் பூக்கும். பச்சைக் காய் மெல்லச் சிவந்து, பழுக்கையில் கருஞ்சிவப்பாகும். காய் ஊறுகாய்க்கு உதவும். நாம் பறிக்காமல் விட்ட பழங்களைக் கொண்டைக்குருவிகள் தின்னும்.

நிழல்தேடி:
முள்ளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே! இரண்டிரண்டாக நிற்கும் அந்த முட்கள் வலுவானவை. சில நுனியில் கவைத்தும் இருக்கும். கிளையை ஒடித்தால் பால் வடிகிறது. நச்சுள்ள அரளியும் இதே குடும்பம்தான். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதை நடுவதை என்னால் ஏற்க முடியாது.

மண்வாசம்:
குடும்பத்தை வைத்து ஒரு செடியை நச்சுள்ளது என்று முடிவு செய்ய இயலாது. களாப்பழத்தை நாம் தலைமுறைகளாக உண்டு வருகிறோம். உண்மையில் நச்சுள்ளவை டுராண்டாவின் மஞ்சள் பழங்கள். அவையோ குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்திலேயே பளிச்சென்று தொங்குகின்றன. முள்ளைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆகவே நடைபாதையை ஒட்டி நடாமல், எல்லையோரத்தில் மட்டும் நடுவோம்.

சிறுமனை:
எல்லையோரமே நடைபாதையாக இருக்கும் குறுகிய மனைகளில் என்ன செய்வது? இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்குப் புதராகப் படரும் செடியை அடிக்கடி கத்தரித்தாக வேண்டும். கத்தரித்தால் காய்ப்புக் குறையும். பழத்துக்காக நடச் சொல்லும் வாதம் அங்கேயே நின்றுவிடுகிறது.

மண்வாசம்:
கிளை நுனிகளில்தான் பூங்கொத்து வருகிறது என்பதால், சுவர்போல வழவழப்பாக இருக்க வேண்டுமென்று மாதந்தோறும் வெட்டுபவருக்குப் பழம் கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காய்ப்பு முடிந்தவுடன் ஒருமுறை கவாத்து செய்துவிட்டு, துளிர்க்கும் புதுக்கிளைகளை அடுத்த பூப்பருவம் வரை தொடாமல் விட்டால், வேலியும் அடங்கியிருக்கும், காயும் பிடிக்கும். விதையை மட்டும் சேமித்து வைக்காதீர்கள். முளைப்புத்திறன் விரைவில் குறைந்துவிடும். பழுத்த பழத்திலிருந்து எடுத்ததும் கழுவி விதைத்துவிட வேண்டும். தண்ணீர் தேங்கும் இடமானால் வேர் அழுகும். அங்கே நானும் களாவைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நிழல்தேடி:
ஆள் நடமாட்டம் இல்லாத பின்புற எல்லைக்குச் சம்மதிக்கிறேன். வாசற்கதவின் அருகே அறவே கூடாது. கவாத்து செய்த கிளைகளை அன்றே கூட்டி அள்ளிவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், ஏனெனில் களாமுள் காய்ந்த பிறகும் செருப்பைத் துளைக்கும்.