கன்னத்தின் உட்புறத்தில் ஒளி அளவீடு: ஒரே இடம், மூன்று முடிவு. உதவுங்கள்

வாயில் வரும் வெண்படலம் புற்றுநோயாக மாறுமா என்பதைச் சதையை வெட்டாமல், ஒளியைப் பாய்ச்சியே அறியும் ஆய்வில் இருக்கிறேன். பயாப்ஸி என்றதும் பயந்து திரும்பி வராதவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் விட மனமில்லை. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் மூன்று மாதமாக அளவெடுக்கிறோம்.

கருவி: ஹாலோஜன் விளக்கு, நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஒளியிழைகள் கொண்ட புரோப் (கன்னத்தில் வைக்கும் முனை), திரும்பி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் 400–700 நானோமீட்டர் ஸ்பெக்ட்ரோமீட்டர்.

ஒரே ஆளுக்கு ஒரே இடத்தில் மூன்று முறை வைத்தால், 542, 577 நானோமீட்டரில் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஒளியை உறிஞ்சுவதால் அளவுக் கோட்டில் விழும் பள்ளங்கள் மூன்று ஆழத்தில் வருகின்றன.

விளக்கை அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தாயிற்று. ஒவ்வொருவருக்கும் முன் வெள்ளைத் தகட்டில் சரிபார்த்து, ஒளி இல்லாதபோது கருவி காட்டும் இருட்டு அளவையும் கழிக்கிறேன். கேபிளை மாற்றியும் பலனில்லை. தகட்டில் மட்டும் கோடு ஆடாமல் நிற்கிறது.

நேற்றுதான் கவனித்தேன். புரோபை எடுத்ததும் அந்த இடம், நகத்தை அழுத்தி விட்டது போல வெளிறி, மெல்லச் சிவக்கிறது. என் கை அழுத்தத்தில் ரத்தம் விலகுகிறது என்று நினைக்கிறேன். தொடாமல் பிடித்தால் எச்சிலின் பளபளப்பு கெடுக்கிறது.

வாய்க்குள் எப்போதும் ஒரே அழுத்தத்தில் புரோபைப் பிடிக்க, ஸ்பிரிங் முனை மாதிரி ஏதாவது செய்து பயன்படுத்தியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?