கபடி டேக்கிள் கணக்கில் இரண்டு வேகம் வருகிறது, எது சரி?

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவர்):
70 கிலோ ரைடர் நடுக்கோட்டை நோக்கி 6 மீ/வி வேகத்தில் பாய்கிறார். 80 கிலோ டிஃபெண்டர் எதிரே 3 மீ/வி வேகத்தில் வந்து கட்டிப்பிடிக்கிறார். அப்புறம் இருவரும் ஒன்றாக நகர்கிறார்கள். உந்தத்தை (நிறை × வேகம்) வைத்துப் போட்டால் 1.2 மீ/வி. இயக்க ஆற்றலை வைத்துப் போட்டால் சுமார் 4.65. உந்தமும் ஆற்றலும் அழியாது என்றுதானே படிக்கிறோம்? எதை எடுப்பது?

பதில்:
1.2 தான் சரி, தம்பி. 420-இல் 240 போக 180, அதை மொத்த நிறை 150 ஆல் வகுத்தால் போதும். ரைடர் இன்னும் கோட்டை நோக்கியே நகர்கிறார். அந்த 4.65 எந்தத் திசையில்? ஆற்றலுக்குத் திசை கிடையாது, அதனால் அந்தக் கணக்கு சொல்லாது.

மொத்த ஆற்றல் அழியாது, உண்மை. ஆனால் இயக்க ஆற்றல் வேறு வடிவத்துக்கு மாறலாம். மோதலுக்கு முன் 1620 ஜூல், பின் 108 தான். மீதி 1512 ஜூல் உடல் நசுங்குவதிலும் வெப்பத்திலும், கொஞ்சம் சத்தத்திலும் போய்விட்டது.

கேட்டவர்:
அண்ணா, இருவர் மீதும் விசை சமம், எதிர்த்திசை. உந்தம் ஈடாகிறது. ஆற்றல் மட்டும் ஏன் ஈடாகவில்லை?

பதில்:
நல்ல கேள்வி, விஷயமே இதில்தான் இருக்கிறது. உந்த மாற்றம் என்பது விசை பெருக்கல் நேரம். தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் இருவருக்கும் ஒன்றே. ஆற்றலுக்கோ விசையை நகர்ந்த தூரத்தால் பெருக்க வேண்டும். உடல்கள் நசுங்கும்போது இருவரின் நிறை மையங்களும் ஒன்றையொன்று நெருங்குகின்றன, ஒரே தூரம் நகர்வதில்லை. அந்த வேறுபாடுதான் இழப்பு.

ஒட்டிக்கொள்ளும் மோதலில் இழப்பு, நிறைகளின் பெருக்கலைக் கூட்டலால் வகுத்து, சார்பு வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பாதியாக்கினால் வரும். இங்கே சார்பு வேகம், அதாவது ஒருவரை ஒருவர் நெருங்கும் வேகம், 6 + 3 = 9. எதிரெதிரே ஓடி மோதும் டேக்கிள் அவ்வளவு வலிப்பது இதனால்தான். டிஃபெண்டர் நின்றபடி பிடித்தால் என்னவென்று போட்டுப் பார்.

இன்னொருவர்:
ஒன்று சேர்க்கிறேன். கால்கள் ஆடுகள விரிப்பில் (மேட்) ஊன்றியிருக்கின்றன, உராய்வு வெளிவிசை. எனவே உந்த மாறாமை, மோதும் அந்தக் குறுகிய நேரத்துக்கு மட்டும், அதுவும் தோராயமாகத்தான். பிறகு நடக்கும் இழுபறிக்குச் செல்லாது.

ஒட்டாமல் பிரியும் மோதலுக்கு டேபிள் டென்னிஸ் பந்தைப் பாருங்கள். விதிப்படி 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் மேசையில் சுமார் 23 செ.மீ. எழும்ப வேண்டும். ஆற்றலில் கிட்டத்தட்ட கால்பங்கு போய்விடுகிறது. ஸ்குவாஷ் பந்தில் அந்த வெப்பம் கைக்கே தெரியும். குளிர்ந்த பந்து சரியாகத் துள்ளாது என்பதால், ஆட்டத்துக்கு முன் அடித்து அடித்துச் சூடேற்றுவார்கள்.

கேட்டவர்:
நின்றபடி பிடித்தால் 2.8 மீ/வி. 1260-இல் 588 மிச்சம், இழப்பு 672 ஜூல். நீங்கள் சொன்ன வழியிலும் அதே 672 வருகிறது. நன்றி அண்ணா!