பயனர் அனுபவ ஆய்வாளர்களுக்குப் பைத்தான் சொல்லிக்கொடுத்தவர்கள் இங்கே எழுதுங்கள்

வெண்பலகை:

உளவியலும் சமூகவியலும் வடிவமைப்பும் படித்துவிட்டுப் பயனர் அனுபவ ஆய்வுக்கு வந்தவர்களுக்குப் பைத்தான் நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு செயலியை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்தும் கேட்டும் அறிவதுதான் இவர்கள் வேலை. எதிரில் இருப்பவரைப் பேசவைப்பதில் கெட்டிக்காரர்கள். நிரல் என்றால் மட்டும் கை பின்வாங்கும். பாடநூல்கள் மாறி (மதிப்பைத் தாங்கும் பெயர்), பட்டியல், மடக்கு (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் போனால் மூன்றாம் வகுப்பில் பாதி நாற்காலி காலி. ஆகவே, ஒரு செயலி பயன்படுத்த எவ்வளவு எளிது என்று அளக்கும் எஸ்யுஎஸ் (System Usability Scale) வினாத்தாளை முதல் நாளே கையில் எடுத்துவிடுவேன்.

1986-இல் ஜான் புரூக் உருவாக்கிய இந்த வினாத்தாள் அவர்களுக்கு அன்றாடச் சோறு. பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை விடை. ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டுபவை. அவற்றின் விடையில் 1 கழிக்க வேண்டும். இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்பவை. அவற்றின் விடையை 5-இலிருந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் நூற்றுக்கு எவ்வளவு என்று வரும். பட்டியல், மடக்கு, நிபந்தனை, இரண்டால் வகுத்த மீதி எல்லாம் இதற்குள்ளேயே இருக்கின்றன.

ஒருமுறை நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாணவி நிரலை எழுதி முடித்து, எல்லா விடையும் 3 என்று கொடுத்துப் பார்த்தார். 50 வந்தது, சரிதான். பிறகு தம் பழைய ஆய்வின் தரவை ஏற்றினார். ஒரு பங்கேற்பாளருக்கு 12.5 என்று வந்தது. “இருக்கவே முடியாது. இந்த அம்மாள் செயலியை வாய் ஓயாமல் புகழ்ந்தவர்” என்றார். பைத்தான் பட்டியலைச் சுழியத்திலிருந்து எண்ணுகிறது. அதனால் ஒற்றையும் இரட்டையும் இடம் மாறிவிட்டன. அப்படி மாறினால் ஒவ்வொரு மதிப்பெண்ணும் நூறிலிருந்து கழிந்து, 87.5 எடுத்தவருக்கு 12.5 ஆகிவிடும். நடுவில் நிற்கும் 50 மட்டும் 50-ஆகவே இருக்கும், சோதனையிலும் பிடிபடாது. பல ஆண்டுகள் நிரல் எழுதியவர்களே தவறவிடக்கூடிய பிழை இது. அந்த அம்மாளின் பேச்சு நினைவில் இருந்ததால்தான் அவர் கண்டுபிடித்தார். அதன்பின் அந்த வகுப்பில் யாரும் “எனக்குக் கணக்கு வராது” என்று சொல்லவில்லை.

புதுத்தறி:

நான் கற்றுக்கொண்ட பக்கத்தில் இருந்தவள். எங்கள் வகுப்பில் பிழைச்செய்தி வந்தால் ஆளாளுக்கு அதை விமர்சிக்கத் தொடங்கிவிடுவோம். “முக்கியமான வரியைக் கடைசியில் வைத்தது யார்? பயனர்களிடம் சோதித்தார்களா?” ஆசிரியர் பொறுமைசாலி. கீழிருந்து மேலே படியுங்கள் என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

கரிசல்காடு:

தமிழ் நேர்காணல்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். எந்தச் சொல் எத்தனை முறை வந்தது என்று எண்ணுவது எல்லாருக்கும் பிடித்த பயிற்சி. ஆனால் பைத்தானோடு வரும் re தொகுப்பில் \w+ என்று எழுதிச் செய்யும் வழக்கமான சொற்பிரிப்பு, உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே கருதுவதில்லை. ‘தமிழ்’ என்று கொடுத்தால் ‘தம’ ஒரு துண்டு, ‘ழ’ ஒரு துண்டு. சைகிட்-லேர்ன் என்ற இயந்திரக் கற்றல் தொகுப்பின் இயல்பு அமைப்பிலும் இதே கதைதான். அது ஒற்றை எழுத்துத் துண்டைத் தூக்கி எறிந்தும் விடும். தொடக்கத்தில் இடைவெளியை வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், நிறுத்தற்குறிகளை அடுத்து நீக்கிக்கொள்ளலாம். அதன் பிறகும் ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’, ‘வீட்டை’ மூன்றும் தனித்தனியாகத்தான் எண்ணப்படும். அங்கே வகுப்பை நிறுத்தி, எண்ணிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பேசவிடுவேன். வாக்குவாதம் மணி அடித்த பிறகும் ஓயாது.

ஐந்தாம்படி:

எனக்கு ஓர் ஐயம். ஐந்து பேரை வைத்துச் சோதிப்பவர்களுக்குத் தரவு அறிவியல் எதற்கு? எக்செல் போதாதா?

வெண்பலகை:

கூட்டிக் கழிக்க எக்செல் போதும். ஆனால் ஐந்து பேர் என்பதாலேயே இது தேவைப்படுகிறது. ஐந்து பேர் போதும் என்ற வழக்குக்குப் பின்னால் இருப்பது பயன்பாட்டு ஆய்வாளர்கள் நீல்சனும் லாண்டவரும் 1993-இல் வெளியிட்ட கணக்கு. அது சிக்கல்களைக் கண்டுபிடிப்பதற்கானது, விகிதத்தை அளப்பதற்கானது அன்று. ஐவரில் நால்வர் வேலையை முடித்தால் அறிக்கையில் 80 சதவீதம் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். திருத்திய வால்டு என்ற புள்ளியியல் முறையில் 95 சதவீத நம்பக இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய எல்லை) போட்டால் ஏறத்தாழ 36-இலிருந்து 98 வரை நீள்கிறது. நாலைந்து வரி நிரலில் இதை அவர்களே கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அடுத்த அறிக்கையில் அந்த 80-ஐக் காணோம். “ஐவரில் நால்வர்” என்று எழுதியிருந்தார்கள்.

புதுத்தறி:

இன்னொன்று. வகுப்புக்குச் சொந்தத் தரவு கொண்டுவரச் சொல்லும்போது, பங்கேற்பாளர் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நீக்கிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் அந்த இரண்டு நெடுவரிசைகளையும் நீக்குவதுதான் பாண்டாஸ் என்ற தரவு அட்டவணைத் தொகுப்பில் நாங்கள் எழுதிய முதல் கட்டளை.