எதிர் டீமுக்கு விழுந்த பெனால்டியில ஜெயிச்சோம், பையன் ரெஃப்கிட்ட சொல்றேன்னான், நான் தடுத்துட்டேன்

கிண்டி_மெக்:
காலேஜ் மூணாவது வருஷம் படிக்கிறேன், ஞாயித்துக்கிழமைல வேளச்சேரி பக்கம் ஒரு ஸ்கூல் எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச், ஸ்கூல் பசங்க ரோபோ செஞ்சு மோதுற போட்டி) டீமுக்கு மென்டர். போன வாரம் இங்க நாலஞ்சு ஸ்கூல் சேந்து ஒரு பிராக்டீஸ் மீட் வெச்சாங்க. கடைசி மேட்ச், கடைசி பத்து செகண்டு, எங்க ஏரியாவுக்குள்ள எதிர் அலையன்ஸ் (ரெண்டு டீம் சேந்த கூட்டணி) ரோபோ வந்து எங்க ரோபோவ தொட்டுடுச்சு, ரெஃப் கொடிய தூக்கிட்டாரு. மேஜர் ஃபவுல், 15 பாயின்ட் எங்க கணக்குல. ஜெயிச்சது 9 பாயின்ட்ல, அப்ப கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

எல்லாரும் குதிக்கிறாங்க, டிரைவர் பையன் மட்டும் மூஞ்ச தொங்கப்போட்டுட்டு வந்து "அண்ணா, அவங்க தானா வரல, நான் திருப்பும்போது இடிச்சதுல தான் உள்ள வந்தாங்க"ன்னான். ரெஃப்கிட்ட போய் சொல்லட்டுமான்னு கேட்டான். நான் "ரெஃப் பாத்துட்டுதான குடுத்திருக்காரு, நீ வா"ன்னு இழுத்துட்டு வந்துட்டேன். அன்னிக்கு ராத்திரிலேர்ந்து உறுத்துது. நான் பண்ணது தப்பா?

சேப்பாக்கம்_கேலரி:
தப்பில்ல ப்ரோ. கேரம்ல ரெட்ட போட்டுட்டு ஃபாலோ போடலன்னா எதிர்ல உக்காந்தவன் பாவம் பாப்பானா? ரெஃப் எதுக்கு இருக்காரு. இதே அவங்க உங்கள இடிச்சு உங்களுக்கு பெனால்டி விழுந்திருந்தா அவங்க வந்து சொல்லியிருப்பாங்களா?

மடிப்பாக்கம்_அக்கா:
நான் ரெண்டு சீசனா ரெஃப் வாலண்டியர். முதல்ல ஒரு விஷயம், ரெஃப் பாத்தாருன்னு சொல்றது ஈஸி, அங்க ஒரே நேரத்துல நாலு ரோபோ ஓடுது, நாங்க மோதல பாக்குறோம், யாரு முதல்ல தள்ளுனான்றது சக்கரத்துக்கு தான் தெரியும். வீடியோ கொண்டுவந்து காட்டுனாலும் பாக்க மாட்டோம், ரூல் அப்படி. அதனால டிரைவர் சொல்றது எங்களுக்கு எவ்ளோ பெரிய விஷயம் தெரியுமா.

ரூல் புக்லயே இருக்கு தம்பி, எதிராளிய வேணும்னே ரூல் மீற வெச்சு பாயின்ட் எடுக்கக்கூடாது, அப்படி தள்ளிவிட்டா தள்ளப்பட்டவங்களுக்கு பெனால்டி கிடையாது. ஆனா விளையாட்டுப் போக்குல தற்செயலா பட்டா அது வேற. ஸோ உங்க பையன்கிட்ட கேக்க வேண்டியது ஒண்ணுதான், அவங்க பக்கத்துல இருக்காங்கன்னு தெரிஞ்சு திருப்புனானா இல்லையா.

அப்புறம் ரெஃப்கிட்ட பேசுறதுக்குன்னே ஒரு கட்டம் போட்டிருப்பாங்க, கொஸ்டின் பாக்ஸ். அங்க ஸ்டூடண்ட் மட்டும்தான் நிக்கலாம், மென்டரோ அப்பா அம்மாவோ வந்தா பேச மாட்டோம். பையன் போக வேண்டிய இடம் அது, நீங்க நடுவுல நின்னுட்டீங்க, அவ்ளோதான்.

சேப்பாக்கம்_கேலரி:
அக்கா, சொன்னா மேட்ச் போகுமே. பசங்க மூணு மாசமா தூங்காம செஞ்ச ரோபோ.

போரூர்_அப்பா:
தம்பி, பேர் சேப்பாக்கம்னு வெச்சிருக்கீங்க, 2011 நாட்டிங்ஹாம் டெஸ்ட் ஞாபகம் இல்லையா? டீ பிரேக்குக்கு முன்னாடி கடைசி பால், பந்து பவுண்டரி போயிடுச்சுன்னு நெனச்சு இங்கிலாந்து பேட்ஸ்மேன் இயன் பெல் கிரீஸ விட்டு நடந்துட்டாரு, பெயில்ஸ தட்டிட்டாங்க, ரூல்படி அவுட். டீக்குள்ள தோனி அப்பீல வாபஸ் வாங்கிட்டாரு. 137ல இருந்தவரு திரும்ப வந்து 159 அடிச்சாரு. நம்ம 319 ரன்ல தோத்தோம், பெல் விஷயத்தால மட்டும் இல்ல, எப்படியும் தோத்திருப்போம்னு வைங்க. ஆனா அன்னிக்கு தோனிய தல இல்லன்னு யாராவது சொன்னாங்களா?

என் பொண்ணு சின்ன பசங்களுக்கான லெகோ லீக்ல இருக்கா, அங்க சந்தேகம் வந்தா பாயின்ட் டீமுக்கே குடுத்துடுவாங்க, அதனால இந்த தலைவலி கம்மி. ஆனா அங்க வர்ற பேரன்ட்ஸ் இருக்காங்களே, அது தனி கதை.

கிண்டி_மெக்:
அக்கா சொன்னத அவன்கிட்டயே கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "தெரியும்ணா, வழிய மறிச்சிட்டு நின்னாங்க, போனா போகட்டும்னு திருப்பிட்டேன்"ன்னான். எனக்கு ஒண்ணும் சொல்ல வரல. ரிசல்ட் போட்டு நாலு நாள் ஆச்சு, இப்ப யாரும் மாத்த மாட்டாங்க, ஆனா நேத்து அவனே அந்த டீம் டிரைவர தேடிப்புடிச்சு வாட்ஸ்அப்ல சொல்லிட்டானாம். அந்த பையன் "தெரியும்டா, நாங்க கத்துனோம், யாரும் கேக்கல"ன்னு போட்டிருக்கான். அப்புறம் அடுத்த மெசேஜ்லயே உங்க ரோபோ ஆர்ம்ல என்ன சர்வோ மோட்டார், ரிச்சி ஸ்ட்ரீட்ல எந்த கடைல வாங்குனீங்கன்னு கேட்டிருக்கான்.

அடுத்த மீட்ல பாக்ஸுக்கு அவன் போறான்னா நான் வழிய விட்டுடறேன்.

மடிப்பாக்கம்_அக்கா:
கடை பேர சொல்லிட்டானா இல்லையா?

கிண்டி_மெக்:
கடைய சொல்லிட்டான், சர்வோ மாடல சொல்லல 😄