ஆர்னிஸ்டன்ல ரெண்டு ராத்திரி, எங்க தங்கலாம்?

ஜோபர்க்தம்பி:
வணக்கம் மக்களே. செப்டம்பர்ல அம்மா அப்பாவ கூட்டிட்டு கேப்டவுன் வர்றேன், அங்கருந்து கார் எடுத்து ஆர்னிஸ்டன்ங்கற கடலோர ஊருக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். கப்பல் உடைஞ்ச ஊர்னு மட்டும்தான் தெரியும். அப்பாக்கு முட்டி வலி, அங்க கடலோரத்துல இருக்கற பெரிய குகை வரைக்கும் நடக்க முடியுமா? கெஸ்ட் ஹவுஸ் எந்தப் பக்கம் எடுக்கலாம்?

கேப்வாசி:
தாராளமா போங்க, 200 கிமீ சொச்சம், ரெண்டரை மணி நேரம். படகு இறக்குற இடத்துக்கு நடக்குற தூரத்துல ரூம் எடுங்க. பக்கத்துலயே காசிஸ்பாய், சுண்ணாம்பு அடிச்ச சுவரும் கூரை வேய்ஞ்ச வீடுமா பழைய மீனவர் குப்பம், இன்னும் மீனவக் குடும்பங்கதான் குடியிருக்காங்க, அதனால போட்டோ எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுருங்க. முன்கூட்டியே சொல்லி வச்சா அங்க உள்ள அக்காங்களே மீன் சமைச்சுப் போடுவாங்க. குகைக்கு லோ டைட்ல, அதாவது கடல் உள்வாங்குற நேரத்துல மட்டும்தான் போகமுடியும், பாறை வழுக்கும், அப்பாவ கூட்டிட்டுப் போகாதீங்க ப்ளீஸ். செப்டம்பர்னா திமிங்கலம் குட்டியோட வரும், அவர் கரையில உக்காந்தே பாக்கலாம்.

காலிக்காரன்:
தம்பி, அந்தக் கப்பல் எங்கட இலங்கையில, காலியில இருந்துதான் வெளிக்கிட்டது. 1815ல நோயாளிச் சிப்பாய்மார், அவையின்ர குடும்பங்கள், மாலுமியள் எண்டு 378 பேர், தப்பினது 6 பேர்தான். கிழக்கு மேற்கா எவ்வளவு தூரம் வந்திட்டம் எண்டு (நெட்டாங்கு) கணக்குப் பாக்கிற குரோனோமீட்டர் மணிக்கூடு கப்பல்ல இல்லை, நன்னம்பிக்கை முனையைத் தாண்டிட்டம் எண்டு நினைச்சு வடக்க திருப்பிச்சினம், ஆனா உண்மையில அதுக்குக் கிழக்கால இருக்கிற அகுலாஸ் முனையே தாண்டேல்லை. கப்பலின்ர பேர்தான் இப்ப ஊருக்கும். கரையில ஒரு நினைவுக்கல் நிக்குது, ஒரு தாய் தன்ர நாலு பொடியளுக்கு வச்ச கல்லின்ர நகல், 13, 10, 8, 7 வயசு. நான் அதை வாசிச்சிட்டு கனநேரம் அந்த இடத்தை விட்டு அசையேல்லை. கட்டாயம் போய்ப் பாருங்கோ.

ஜோபர்க்தம்பி:
அண்ணே, இத அம்மாகிட்ட படிச்சு காட்டுனேன், நாலு பிள்ளைங்களுமான்னு கேட்டுட்டு அப்புறம் பேசவே இல்ல. குகைக்கு நான் மட்டும் போறேன், அவங்க ரெண்டு பேரும் அந்தக் கல்லுகிட்ட இருக்கட்டும்.

கேப்வாசி:
போற வழியில பிரெடாஸ்டோர்ப்ல கப்பல் மியூசியம் இருக்கு, அங்க நிறுத்துங்க, அந்தக் கப்பல்லருந்து எடுத்த சாமான் வச்சிருக்காங்க. பழைய ஷூ ஒண்ணு எடுத்து வைங்க, குகைக்குள்ள எப்படியும் நனையும்.