மன்ரோ கோட்பாடு: பிள்ளைகளுக்கு எப்படி நடத்துவது?

செம்பனைச்சாலை:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை வரலாற்று வகுப்பு. மன்ரோ கோட்பாடு என்றாலே “ஐரோப்பியரை விரட்டிய அமெரிக்கச் சட்டம்” என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியென்றால் கியூபா ஏன் ஸ்பெயினிடமே இருந்தது என்று ஒரு பிள்ளை கேட்கிறாள். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

கரும்பலகை:
அவள் கேள்வியிலேயே தொடங்குங்கள், டீச்சர். அது சட்டமே இல்லை. 1823 டிசம்பர் 2 அன்று அதிபர் ஜேம்ஸ் மன்ரோ காங்கிரசுக்கு அனுப்பிய ஆண்டுச் செய்தியில் சில பத்திகள், அவ்வளவுதான். ஏற்கெனவே உள்ள காலனிகளில் கை வைக்க மாட்டோம் என்று அதிலேயே இருக்கிறது. புதிதாகப் பிடிக்காதே என்பதுதான் பேச்சு.

முழுச் செய்தியையும் படியெடுத்துக் கொடுக்காதீர்கள். தபால், சாலை, வரவு செலவு என்று நீளும். 7, 48, 49ஆம் பத்திகள் போதும். இவற்றை ஒன்றாகக் குழைத்து எழுதுவதில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். 7ஆம் பத்தி ரஷ்யாவுக்கு. 1821இல் ரஷ்யப் பேரரசர் (ஜார்) முதலாம் அலெக்சாண்டர் வட அமெரிக்காவின் வடமேற்குக் கரை 51 பாகை வட அட்சரேகை வரை தனது என்றும், 100 இத்தாலிய மைலுக்குள் அந்நியக் கப்பல் வரக்கூடாது என்றும் ஆணையிட்டார். பலகையில் 51க்கு ஒரு கோடு போடுங்கள். 1824 ஒப்பந்தத்தில் ரஷ்யா பின்வாங்கிய 54 பாகை 40 கலைக்கு இன்னொன்று. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரைப்பகுதியின் தென்முனை இன்றும் அங்கேதான். 48, 49 வேறு கவலை: விடுதலை பெற்ற தென் அமெரிக்க நாடுகளை ஐரோப்பிய மன்னர்கள் ஸ்பெயினுக்கு மீட்டுக் கொடுத்துவிடக் கூடாது.

கித்தாமரம்:
ஐயா சொன்னதோடு, காவலுக்கு யார் நின்றார்கள் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்காவிடம் அன்று அதற்கான கப்பல்கள் இல்லை. பிரிட்டிஷ் கடற்படைதான் கடலைப் பிடித்திருந்தது. 1823 ஆகஸ்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் கேனிங், கூட்டாக அறிவிப்போம் என்று கேட்டார். தனியாகவே சொல்வோம் என்று வாதாடி வென்றவர் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் குவின்சி ஆடம்ஸ். இதே கேனிங்தான் 1824 மார்ச் 17 ஆங்கில-டச்சு ஒப்பந்தத்தில் பிரிட்டன் சார்பில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர். மலாக்கா ஆங்கிலேயருக்கு, சுமத்ராவின் பென்கூலன் டச்சுக்காரருக்கு என்றதும் பிள்ளைகளுக்குக் கேனிங் யாரென்று பிடிபட்டுவிடும்.

அதே பிரிட்டன் 1833இல் தென் அமெரிக்காவுக்குக் கிழக்கே உள்ள பாக்லாந்துத் தீவுகளைப் பிடித்தபோது வாஷிங்டன் இந்தக் கொள்கையைக் காட்டித் தடுக்கவில்லை.

செம்பனைச்சாலை:
மிக்க நன்றி. பின்னால் வந்த அதிபர் ரூஸ்வெல்ட்டையும் இதிலேயே சேர்க்கலாமா?

கரும்பலகை:
அடுத்த வாரத்துக்கு வையுங்கள். ஐரோப்பா வராதே என்றது 1823. தேவைப்பட்டால் நாங்களே உள்ளே வருவோம் என்று தியோடர் ரூஸ்வெல்ட் நீட்டியது 1904. ஒரே நாளில் நடத்தினால் இரண்டையும் மன்ரோ தலையில் கட்டிவிடுவார்கள்.