ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்: ஸ்கவுட்டுகளின் கணிப்பு எந்த அளவுக்குச் சரி?

கேள்வி: பின்வரிசைப் பார்வையாளர்

வணக்கம். கிரிக்கெட் பார்த்தே வளர்ந்த நான் சில ஆண்டுகளாகத்தான் அமெரிக்க பேஸ்பாலைப் பின்தொடர்கிறேன். 2009-ஆம் ஆண்டு டிராஃப்டில் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி முதல் தேர்வாக எடுத்த ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க்கைப் பற்றி அக்காலத்தில் எழுதப்பட்டவற்றைப் படிக்கும்போது, டிராஃப்ட் வரலாற்றிலேயே அவருக்கு இணையான பிட்சர் (பந்துவீச்சாளர்) இல்லை என்ற தொனியே மேலோங்கியிருக்கிறது. ஆனால் அவருடைய பெயரைத் தேடினால் முதலில் கண்ணில் படுபவை முழங்கை அறுவை சிகிச்சை, 2012-இல் பாதியில் நிறுத்தப்பட்ட பருவம், 24.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் ஆடிய வெறும் எட்டு ஆட்டங்கள் ஆகியவைதாம்.

ஒரு கல்லூரி மாணவரின் பந்துவீச்சை ஸ்கவுட்டுகள் (அணிகளுக்காக இளம் திறமைகளைத் தேடி மதிப்பிடுபவர்கள்) எவ்வாறு அளக்கிறார்கள்? ஸ்ட்ராஸ்பர்க் விஷயத்தில் அவர்கள் கண்டது என்ன, காணத் தவறியது என்ன? வேகத்துக்கு மயங்கிவிட்டார்கள் என்று கொள்ளலாமா?

பதில் 1: மூன்றாம் ஸ்ட்ரைக்

வேகத்துக்கு மயங்கினார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அதற்கு முன் அவர்களுடைய அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கவுட்டுகள் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள். 50 என்பது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டமான மேஜர் லீக் ஆட்டக்காரரின் சராசரி. 60 கிடைத்தால் நல்ல திறன். 80 என்பது ஒரு தலைமுறையில் சிலருக்கே எழுதப்படும் எண். ஃபாஸ்ட்பால் (வேகப்பந்து), கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து), சேஞ்சப் (வேகப்பந்துபோல் தோன்றி மெதுவாக வரும் பந்து) என ஒவ்வொரு வகைப் பந்துக்கும் தனித்தனியாகவும், இன்றைய நிலைக்கு ஓர் எண், எதிர்காலத்தில் எட்டக்கூடிய நிலைக்கு ஓர் எண் என்று இரண்டிரண்டாகவும் எழுதுவார்கள். ரேடார் கருவி காட்டும் வேகம் இவற்றுள் மிக எளிதாகக் கிடைக்கும் தகவல். அதற்கு ஸ்கவுட் தேவையே இல்லை. ஸ்ட்ரைக் எல்லைக்குள் (பேட்டர் அடிக்கத்தக்கதாக விதி வகுத்த பரப்புக்குள்) பந்தை விழச்செய்ய முடிகிறதா என்பது ஒரு திறன்; எல்லைக்குள்ளேயே தான் நினைத்த மூலையில் விழச்செய்ய முடிகிறதா என்பது அதனினும் அரிய வேறொரு திறன். அனுபவமுள்ள கண்கள் தேடுவது இந்த இரண்டாவதைத்தான்.

வேகம் மட்டும் போதாது என்பதற்கு நமக்குத் தெரிந்த சான்று ஒன்றுண்டு. 2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டியின் வழியே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகிய வலிமையான கைகளைக் கொண்டவர்கள். ஆயினும் இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை.

இனி ஸ்ட்ராஸ்பர்க். 2006-இல் பள்ளிப்படிப்பை முடித்தபோது எந்த அணியும் அவரை டிராஃப்டில் எடுக்கவில்லை. உடல் எடை கூடுதல், உடற்பயிற்சியிலும் பின்தங்கியவர் என்ற பெயர்தான் அப்போது இருந்தது. சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளராக இருந்தவர், பேட்டிங்கில் பெரும் புகழ்பெற்ற டோனி க்வின். முதல் ஆண்டில் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் மட்டும் வீசினார். இரண்டாம் ஆண்டில் யூட்டா அணிக்கெதிரான ஓர் ஆட்டத்தில் 23 பேரை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆட்டமிழக்க) செய்தார். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியில் இடம்பெற்ற ஒரே கல்லூரி ஆட்டக்காரரும் அவர்தான். 2009 பருவத்தில் 109 இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ்) 195 ஸ்ட்ரைக்அவுட், வெறும் 19 வாக் (எல்லைக்கு வெளியே நான்கு பந்து வீசியதால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் தளம்). என் கண்ணுக்கு 195-ஐவிட அந்த 19-தான் பெரிய எண். மணிக்கு 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் இருபது வயது இளைஞர்கள் பொதுவாகப் பந்தை எங்கே வீசுகிறோம் என்று தெரியாமல்தான் வீசுவார்கள். இவர் தெரிந்து வீசினார். கர்வ்பாலும் சேர்ந்துகொண்டதால், ஸ்கவுட்டுகள் ஊகிக்க வேண்டியது குறைவாகவும் பதிவுசெய்ய வேண்டியது மிகுதியாகவும் இருந்தது.

2010 ஜூன் 8 அன்று பைரேட்ஸ் அணிக்கெதிராக அவர் ஆடிய முதல் மேஜர் லீக் ஆட்டம் அந்த அறிக்கைகளுக்கு எழுத்துக்கு எழுத்து உரை எழுதியதுபோல் அமைந்தது: ஏழு இன்னிங்ஸ், 94 பந்துகள், 14 ஸ்ட்ரைக்அவுட், ஒரு வாக்கூட இல்லை, கடைசியாக எதிர்கொண்ட ஏழு பேரும் ஸ்ட்ரைக்அவுட். அன்று பேட்டர்களைத் திணறடித்ததில் சேஞ்சப்புக்கும் பங்குண்டு. மற்றவர்களின் ஃபாஸ்ட்பால் வேகத்தில் வந்த சேஞ்சப் அது.

பதில் 2: தூசிமைதானம்

நண்பர் மூன்றாம் ஸ்ட்ரைக் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் எளிதான பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார். அந்த முதல் ஆட்டத்துக்கும் பிலடெல்பியாவில் ஒரு சேஞ்சப்பை வீசியபின் கையை உதறிக்கொண்டு வெளியேறிய ஆகஸ்ட் 21-க்கும் இடையே பதினோரு வாரங்கள்கூட இல்லை. செப்டம்பர் தொடக்கத்தில் டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையின் உட்புறத்தில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறொரு பகுதியிலிருந்து எடுத்த நாரைப் பொருத்தும் இச்சிகிச்சையை, 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்தார்.

கை மேலெழும் முன்பே இரண்டு முழங்கைகளும் தோளுக்கு மேலே உயர்ந்துவிடும் ஸ்ட்ராஸ்பர்க்கின் வீச்சுமுறையைத் 'தலைகீழ் டபிள்யூ' என்று அழைத்து, அது கையை முறித்துவிடும் என்று எச்சரித்தவர்கள் அப்போது இருந்தனர். அது நிரூபிக்கப்பட்ட விதியன்று. இருந்தாலும், 80 என்று எழுதத் தூண்டிய அதே வேகம்தான் தசைநார்மீது ஏறும் சுமையும் ஆகும் என்ற உண்மைக்கு மதிப்பெண் தாளில் ஒரு கட்டம் இல்லை என்பதே என் குறை.

2012-ஐப் பற்றியும் ஒரு சொல். பொது மேலாளர் மைக் ரிஸ்ஸோ முன்கூட்டியே அறிவித்தபடி, அறுவை செய்த கையைக் காக்க, 159 இன்னிங்ஸைக் கடந்ததும் ஸ்ட்ராஸ்பர்க்கின் பருவத்தை முடித்துவைத்தார். 98 வெற்றிகளுடன் முதலிடம் பிடித்த அணி, பருவத்துக்குப் பிந்தைய சுற்றில் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸிடம் தீர்மானகரமான ஐந்தாவது ஆட்டத்தில், 6-0 என முன்னிலை பெற்றிருந்தும், 9-7 என்று தோற்றது. ஒன்பதாவது இன்னிங்ஸில் எஞ்சியிருந்த முன்னிலையைப் பறிகொடுத்த ட்ரூ ஸ்டோரன், 2009 டிராஃப்டில் ஒட்டுமொத்தப் பத்தாவது தேர்வாக அதே அணி எடுத்தவர். அந்த டிராஃப்டில், பின்னாளில் தலைசிறந்த ஆட்டக்காரரான மைக் டிரவுட் 25-ஆவது இடம் வரை காத்திருந்தார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஸ்கவுட்டுகள் காணத் தவறியதைத் தேடுபவர் அங்கிருந்து தொடங்கலாம்.

பின்வரிசைப் பார்வையாளர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் பிந்தைய ஆண்டுகளை எப்படிப் பார்ப்பது? 2019-இல் ஆடியவரும் 2009-இல் மதிப்பிடப்பட்டவரும் ஒரே பிட்சர்தானா?

பதில் 3: ஒன்பதாம் இன்னிங்ஸ்

நல்ல கேள்வி, எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடிக்கும். ஒரே பிட்சர் இல்லை என்றே சொல்வேன். 2019-இல் அவருடைய ஃபாஸ்ட்பால் பழைய வேகத்தை இழந்திருந்தது. கர்வ்பாலையும் சேஞ்சப்பையும் நம்பியே ஆட்டத்தை நடத்தினார். அவ்வாண்டு 18 வெற்றி, 209 இன்னிங்ஸ், 251 ஸ்ட்ரைக்அவுட். பருவத்துக்குப் பிந்தைய சுற்றுகளில் ஐந்து வெற்றி, தோல்வியே இல்லை. ஹியூஸ்டனில் நடந்த, சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸிலேயே இரண்டு ரன் கொடுத்தார். அடுத்து எந்தப் பந்து வருகிறது என்பதை அவருடைய கையசைவே காட்டிக்கொடுக்கிறது என்று அணியின் பந்துவீச்சுப் பயிற்சியாளர் எச்சரித்தார். உடனே கையுறையை வேண்டுமென்றே அசைத்து அந்தக் குறிப்பை மறைத்தவர், ஒன்பதாவது இன்னிங்ஸ் வரை வேறு ரன்னே கொடுக்கவில்லை. உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஆட்டத்தின் நடுவில் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளும் இந்தத் திறனைக் கல்லூரி மைதானத்தில் உட்கார்ந்து எந்த ஸ்கவுட்டும் எண்ணால் எழுதியிருக்க முடியாது. ஏனெனில் அங்கே அவருக்கு அதற்கான தேவையே வரவில்லை.

எட்டு ஆட்ட ஒப்பந்தத்தை ஸ்கவுட்டுகளின் கணக்கில் எழுதுவது நியாயமன்று. அது 2019 டிசம்பரில், முப்பத்தொரு வயதுக்காரரின் கடந்தகால ஆட்டத்துக்கு அணி நிர்வாகம் கொடுத்த விலை. கழுத்துக்கும் தோளுக்கும் இடையில் நரம்புகள் நெரிபடும் நோய்க்காக 2021-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். 2022 ஜூனில் ஒரேயோர் ஆட்டம், அதன்பின் பந்துவீச்சு மேடேறவில்லை. 2009-இல் ஸ்கவுட்டுகளை நம்பி அணி செலவிட்டது 1.51 கோடி டாலர். அதற்குக் கிடைத்த பிட்சர் 113 வெற்றி, 62 தோல்வி, 1,723 ஸ்ட்ரைக்அவுட், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 3.24 ரன் என்ற கணக்குடன் ஓய்வு பெற்றார். 200 இன்னிங்ஸைக் கடந்த பருவங்கள் இரண்டே என்பது உண்மைதான்; அதற்காக அவரைத் தோல்வி என்று எழுத என் கை வராது.

ஒப்பிட விரும்பினால் ஜேக்கப் டிகிராமின் தொடக்க ஆண்டுகளைப் பாருங்கள். ஸ்ட்ராஸ்பர்க் முதல் ஆட்டம் ஆடிய அதே 2010 ஜூனில், நியூயார்க் மெட்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் எடுத்த அவர், கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப்பாக (இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கிடையே நிற்கும் களத்தடுப்பாளராக) ஆடியவர். பந்து வீசத் தொடங்கியதே அண்மையில். அவருக்கும் அதே ஆண்டில் டாமி ஜான் சிகிச்சை நடந்தது. 2018, 2019 இரண்டு ஆண்டுகளிலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். ஸ்ட்ராஸ்பர்க்குக்கு அந்த விருது ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை.